தோள் மாறிய புத்தர்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயம்தான் காரணம். எப்படி எழுதினாலும், "அக்கா, வாசிச்சனான், ஒரு சின்னப் பிழை இருக்கு" என்று தொலைபேசி வரும். ஐந்தாம் வகுப்பு வரை மன்னாரில் சிஸ்டர்மாரிடம் படித்தவள் நான். அவர்கள் என் கொப்பியில் போட்ட சிவப்புக் கோடுகளே ஒரு ஆயுளுக்குப் போதும்.

இரண்டாயிரம் பிறந்த கையோடு நானும் மகளும் மொன்றியலில் கோத்-தெ-நேஜ் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் குடியேறினோம். எங்கள் கதவைத் திறந்தால் எதிரே அவருடைய கதவு. திருகோணமலைக்காரர். ஐம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனை. மனைவியும் மகளும் ஊரில். அவர்களைக் கூப்பிடுவதற்கான பத்திரங்கள் ஏதோ ஒரு அலுவலகத்தில் ஏதோ ஒரு மேசையில் நான்கு வருடமாக இளைப்பாறிக்கொண்டிருந்தன.

முதல் நாளே எனக்கு உதவி செய்தார். நான் லிஃப்ட்டுக்குள் நின்று ஒரு பெண்பிள்ளையிடம் "மீன் வாங்கினனான், விளைமீன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர் என் பையை எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது விளைமீன் இல்லை. இந்த நாட்டு மீன். விளைமீன் எண்டு சொல்லி வித்திருக்கிறான்."

அந்தப் பிள்ளை சிரித்தாள். நான் வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்தேன். விளைமீன் இல்லைதான். அதுதான் அவரிடம் இருந்த கெட்ட குணம். பிழை பிடிக்கிற ஆட்களோடு வாழப் பழகிவிடலாம். அவர் சரியாகப் பிழை பிடித்தார். அதை யாரால் மன்னிக்க முடியும்?

எங்கள் ஆட்களில் ஒருவர் லவாலில் இறந்துபோனார். செத்த வீட்டுக்கு எல்லோரும் கறுப்பு உடுத்துக்கொண்டு போனோம். மூத்த மகன் அழுதழுது, "அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயதுதான்" என்று பேசினான். எனக்குப் பக்கத்தில் இருந்த இவர் மரண நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு விரல் மடித்தார்.

"பிறந்த திகதி சரியெண்டால் அறுபத்தொன்பது முடிஞ்சிட்டுது" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னால் நாலு வரிசைக்குக் கேட்கும். மகன் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தான். பிறகு திரும்பவும் அழுதான், ஆனால் முதல் அழுத அளவுக்கு அதில் உறுதி இல்லை.

பியர்பொன்ட்ஸில் ஒருவர் வீடு வாங்கிக் குடிபூரலுக்குக் கூப்பிட்டார். கிழக்கு வாசல் வேண்டும் என்று மூன்று வருடம் தேடி வாங்கிய வீடு. ஐயர் பூசையை முடித்து எல்லோரும் சாப்பாட்டுக்கு இருந்த நேரம், இவர் வாசலில் போய் நின்று வானத்தைப் பார்த்தார்.

"அண்ணை, இந்த ஊரில கிழக்கெண்டு சொல்லுறது கிழக்கில்லை. ஆத்தைப் பார்த்துத் தெருப் போட்டவங்கள், சூரியனைப் பார்த்துப் போடேல்லை. இது வடகிழக்கு. அதிலயும் வடக்குத்தான் கூட."

வீட்டுக்காரர் கையில் பாயாசக் கோப்பை. அவர் அதைக் குடிக்கவில்லை. அடுத்த வருடம் அந்த வீட்டில் நடந்த பிறந்தநாளுக்கு எங்களுக்கும் அழைப்பு வரவில்லை, எதிர்வீட்டில் இருந்த குற்றத்துக்காக.

சைவக்காரர்தான். ஆனாலும் எங்கள் கோவிலையும் விட்டுவைக்கவில்லை. நத்தார் பூசைக்கு மரியாதைக்காக ஒருமுறை கூப்பிட்டேன். பாலன் குடிலுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றார். பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். பங்குத் தந்தையைக் கண்டதும் கும்பிட்டுவிட்டு, "ஃபாதர், ராசாக்கள் மூண்டுபேரும் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கெல்லோ, ஒட்டகம் இப்பவே வந்து நிக்குது" என்றார். பாதிரியார் சிரித்து, தோளில் தட்டி, ஒட்டகங்களைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்தார். பிள்ளைகள் அழுதார்கள்.

என் சமையலைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. ஐம்பது வருடமாகச் சொதி வைக்கிறவளுக்கு, தேங்காய்ப்பாலை எப்போது விடவேண்டும் என்று ஒரு ஆண்பிள்ளை, அதுவும் தன் வீட்டில் சமைக்காமல் கடைப் பாண் தின்கிற ஆண்பிள்ளை சொல்லிக்கொடுத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அன்றிலிருந்து அவர் சொன்னபடிதான் விடுகிறேன். அவருக்கு அது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

என் மகள் அவருக்கு "புறூஃப் அங்கிள்" என்று பெயர் வைத்தாள். காரணம் இருந்தது. திருகோணமலையில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் இருபது வருடம் வேலை செய்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவது, அடித்து வந்த தாளை வாசித்துப் பிழை திருத்துவது, இரண்டும் அவர்தான். கல்யாணக் காட், கோவில் திருவிழா நோட்டீஸ், செத்தவர்களின் அந்தியேட்டி மலர். ஊர் முழுக்கப் பிறந்ததையும் கல்யாணம் முடித்ததையும் செத்ததையும் திருத்திப் பழகிய கண் அது. விமானத்தில் ஏற்றினால் மட்டும் மூடிக்கொள்ளுமா?

அப்படிப்பட்ட மனிதருக்கு மொன்றியலில் என்ன வேலை கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? ஓவியங்கள் மாட்டி வைத்திருக்கிற ஒரு நூதனசாலையில் காவலாளி. கறுப்புக் காற்சட்டை, காதில் ஒரு வயர், இடுப்பில் ஒரு வோக்கி-டோக்கி. படங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். வாயைத் திறக்கத் தேவையில்லாத வேலை. ஊமையைப் பாட்டு வாத்தியாராக்கினால்கூட இவ்வளவு பொருத்தமாக இராது.

இரண்டு வருடம் பொறுமையாக இருந்தார். பிறகு ஒரு மாரி காலத்தில் புதிதாக ஒரு காட்சி வந்தது. நூறு வருடத்துக்கு முந்திய பிரெஞ்சுக்காரர்கள் கல்லில் வரைந்து தாளில் அச்சடித்த படங்கள். எல்லாம் கறுப்பு. வேலை முடிந்து வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடி விவரித்தார்.

"நிலவைப் பிடிச்சுக் கடிக்கிற பொம்பிளை ஒண்டு. வேரோட எழும்பி நடக்கிற மரம் ஒண்டு. கடலுக்கு அடியில கதிரை போட்டு இருக்கிற எலும்புக்கூடு ஒண்டு. கனவாம் அக்கா. கண்ணால காணுறதைக் கீறாமல் மனதால காணுறதைக் கீறினவங்களாம்."

"காய்ச்சல் வந்தால் எனக்கும் இதெல்லாம் தெரியும்" என்றாள் மகள்.

"கடைசி அறையில புத்தர்."

நாங்கள் இரண்டுபேரும் அவரைப் பார்த்தோம்.

"ஓம். புத்தர்தான். மரத்துக்குக் கீழ, கண்ணை மூடிக்கொண்டு. என்னைத்தான் அதில நிக்கச் சொல்லியிருக்கினம். நீ அந்தப் பக்கத்து ஆள், உனக்கு நிம்மதியா இருக்கும் எண்டு மேற்பார்வைக்காரி சொன்னவள்."

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அங்கிள், அங்க புத்தருக்கு ஆமி காவல். இஞ்ச நீங்கள்."

"ஆமிக்குத் துவக்குக் குடுத்தவங்கள்" என்றார் அவர். "எனக்கு இந்தப் பெட்டி மட்டும்தான்."

அந்த அறைக்கு வெளிச்சம் குறைவாம், கூடினால் தாள் பழுதாகிவிடுமாம். நடுவில் ஆட்கள் இருக்க ஒரு வாங்கு போட்டிருந்தார்களாம். வருகிற வெள்ளைக்காரர்கள் அதில் இருந்து, புத்தரைப் பார்த்து, ஒரு நீளமான மூச்சை விடுவார்களாம். எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி புத்தரைக் கண்டால் நாங்கள் எடுப்பது அடையாள அட்டை. இவர்களுக்கு மூச்சு வருகிறது. கொடுத்து வைத்த சனங்கள்.

இரண்டாம் கிழமை பிழை அகப்பட்டது. எனக்கு ஆச்சரியமில்லை. இரண்டு கிழமை பொறுத்ததுதான் ஆச்சரியம்.

"அக்கா, எழும்புங்கோ. சேலை எந்தத் தோளில போடுவியள்?"

இதென்ன கேள்வி. இடத்தோளைத் தொட்டுக் காட்டினேன்.

"அதேதான். புத்தரும் அப்பிடித்தான். சீலை இடத்தோளை மூடியிருக்கும், வலத்தோள் வெறும் தோள். எந்த ஊர் புத்தரெண்டாலும் அதுதான் முறை. இந்தப் படத்தில மாறிக் கிடக்கு. வலது மூடி, இடது திறந்து."

"கீறினவன் பிழை விட்டிருப்பான்" என்றேன்.

"அவன் கல்லில சரியாத்தான் கீறியிருக்கிறான் அக்கா. கல்லில இருந்து தாளுக்கு வரேக்குள்ள இடம் வலம் மாறும். ஈய எழுத்தும் அப்பிடித்தானே, திருப்பி அடுக்கினால்தான் நேரா விழும். அவன் அதை மறந்துபோனான். புதுசா வேலை பழகினவங்கள் எல்லாரும் விடுற பிழை. நானும் விட்டனான், முதல் கிழமை."

இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் படத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டை இருந்தது. காட்சியை அமைத்த அம்மணி, பெரிய படிப்புப் படித்தவள், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருந்தாள். இவர் அதைப் பாடமாக்கிக்கொண்டு வந்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். ஓவியர் வேண்டுமென்றே ஆடையைத் தோள் மாற்றிக் கிழக்கின் விதிகளை உடைக்கிறாராம். மனித ஆன்மாவின் மறுபக்கத்தை நமக்குக் காட்டுகிறாராம். புத்தரின் முழங்காலுக்குக் கீழே மூலையில் நெளிந்து கிடக்கிற சின்னப் பாம்பு, மாயையாம்.

"பாம்போ?" என்று மகள் கேட்டாள்.

"பாம்புமில்லை புழுவுமில்லை. கீறினவன்ர பேரின்ர முதல் எழுத்து. அதே ஆள் கீறின மற்றப் படங்கள் முன் அறையில இருக்கு, அதில எல்லாம் அந்த எழுத்து நேரா நிக்குது. இதில திரும்பி விழுந்திருக்கு. நான் இருபது வருசம் திரும்பின எழுத்து வாசிச்ச ஆள். எனக்குப் பாம்பு காட்டினமாம்."

ஒரு மனிதன் தன் பெயரைக் கல்லில் எழுதிவிட்டு, அச்சடித்து வந்ததைப் பார்த்து, "அட" என்று தலையில் கை வைத்திருப்பான். நூறு வருடம் கழித்து அது மாயையாகி, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி, கீழே ஒரு படித்த பெண்ணின் கையெழுத்தோடு நிற்கிறது. என் வீட்டில் கருகிப்போன கத்தரிக்காய்க்கும் இப்படி ஒரு அட்டை எழுத ஆள் இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

காவலாளிகள் படங்களைப் பற்றி வருகிறவர்களோடு கதைக்கக்கூடாது. கழிவறை எங்கே, வாசல் எங்கே, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், இவ்வளவுக்குத்தான் பதில். இவர் முதலில் ஒரு கிழவருக்குச் சொன்னார். பிறகு ஒரு புருசன் பெண்சாதிக்கு. பிறகு ஒரு பள்ளிக்கூடமே வந்தது. பிள்ளைகள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டு, கைக்கண்ணாடியில் பார்த்து, இடம் வலம் மாறுவதைக் கண்டு சிரித்தார்களாம். கருத்து எழுதுகிற கொப்பியில் ஒரு ரீச்சர், "கடைசி அறையில் நிற்கும் ஐயாவுக்கு நன்றி" என்று எழுதிவிட்டுப் போனாள். நன்றி சொல்லி ஒரு மனிதனைக் கெடுப்பது இப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மணி, வந்திருந்தவர்களுக்கு அந்த அறையில் நின்று விளக்கம் கொடுத்தாள். பாம்பு வரைக்கும் வந்தாள். அப்போது கூட்டத்தில் ஒரு கிழவர் கையைத் தூக்கி, "அது பாம்பு இல்லையாம், கையெழுத்தாம், இங்கே நிற்கிற காவலாளி போன கிழமை சொன்னார்" என்றார்.

எல்லோரும் திரும்பி இவரைப் பார்த்தார்கள். இவர் சுவரைப் பார்த்தார். ஆனால் தலையை ஒரு சின்ன ஆட்டு ஆட்டினாராம், ஓம் என்று. அவராலேயே அதை அடக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சப்பாத்துக் கழற்றவில்லை. நான் தேத்தண்ணி போட்டேன், சீனி கூடிவிட்டது, அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

மகள் தாளை வாங்கி வாசித்துச் சொன்னாள். நூதனசாலைக்காரர்கள் அவர் பெயரில் எழுதிக் கொடுத்த மன்னிப்பு. படத்தைப் பற்றி நான் சொன்னது என் அறியாமையால் சொன்ன தவறான கருத்து. அதற்காக வருந்துகிறேன். இனிமேல் படங்களைப் பற்றி வருகிறவர்களோடு கதைக்கமாட்டேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. வெள்ளிக்கிழமைக்குள் வைத்துக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் வேலை அந்த மாதத்தோடு சரி.

வேலை மட்டும் போனால் வேறு வேலை தேடலாம். ஆனால் வருடக்கணக்காகத் தூங்கிய பத்திரங்கள் அப்போதுதான் கண் விழித்திருந்தன. மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடுகிறவர் நிரந்தர வேலையில் இருக்கிறார் என்று வேலைத்தலத்தில் இருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று குடிவரவு அலுவலகம் கேட்டிருந்தது. அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்க வேண்டியவள் அதே மேற்பார்வைக்காரி.

"இதில என்ன யோசனை?" என்றாள் மகள். "வையுங்கோ அங்கிள்."

"சரியாச் சொன்னதைப் பிழை எண்டு கையெழுத்து வைக்கிறதோ பிள்ளை?"

"அந்தப் புத்தர் எந்தத் தோளை மூடினால் உங்களுக்கென்ன? உங்கட மகளுக்கு இப்ப என்ன வயசு?"

"பதினாலு முடிஞ்சு ரெண்டு மாதம்" என்றார். அதிலும் திருத்தமாகத்தான் சொன்னார்.

நான் ஆண்பிள்ளைகளோடு வாதாடுகிறவள் இல்லை. சபையில் நாலு பேர் இருந்தால் குசினிக்குள் போய்விடுவேன். அன்றைக்கு மட்டும், "தம்பி, மூண்டு வரிதானே, கண்ணை மூடிக்கொண்டு வையுங்கோவன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை.

"அப்பிடி ஒருக்கா வைச்சனான் அக்கா."

பிறகு சொன்னார். அச்சுக்கூடத்தில் அடித்த ஏதோ ஒரு நோட்டீசுக்காகப் பிடித்துக்கொண்டு போய் ஐந்து மாதம் ஆமி காம்பில் வைத்திருந்தார்களாம். காம்ப் வாசலில் ஒரு அரச மரம், கீழே சீமெந்துப் புத்தர். வெசாக் பண்டிகை வருகிறது என்று இவரிடம் ஒரு வாளி சுண்ணாம்பும் தூரிகையும் கொடுத்தார்களாம். நாலு நாள் அடித்தாராம். காது, கழுத்து, விரல், விரலுக்கு இடையில். திறந்த தோள், மூடிய தோள், சீலை மடிப்பு ஒவ்வொன்றும்.

"கை தவறி ஒரு துளி புத்தர்ர கண்ணில விழுந்திட்டால் அடி விழும். அந்தப் பயத்தில பார்த்துப் பார்த்து அடிச்சனான். வலத்தோள் எது இடத்தோள் எது எண்டு எனக்குப் புத்தகம் சொல்லித் தரேல்லை."

ஐந்தாம் மாதம் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார்களாம். சிங்களத்தில் இருந்ததாம். இவருக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்து வைத்ததும் விட்டுவிட்டார்கள்.

"என்ர கையால போன தாளில நான் வாசிக்காமல் விட்டது அது ஒண்டுதான். என்னத்தை ஒத்துக்கொண்டன் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. இதை வாசிக்கலாம். அதுதான் கஷ்டமா இருக்கு."

மகள் எழும்பி யன்னலுக்குப் போய்விட்டாள். நான் அவருடைய கோப்பையைக் கழுவினேன், அதற்குத் தேவையில்லாத அளவுக்கு நேரம் எடுத்துக் கழுவினேன். திரும்பி வந்தபோது தாள் மடித்து மேசையில் இருந்தது. கையெழுத்து வைத்திருந்தார். நேரான, வடிவான கையெழுத்து. கோட்டில் இருந்து ஒரு மயிரளவு மேலேயோ கீழேயோ போகவில்லை.

அதற்குப் பிறகு மனிதர் திருந்திவிட்டார். அல்லது திருத்துவதை விட்டுவிட்டார். லிஃப்ட்டில் யாரோ இன்று புதன்கிழமை என்றார்கள், வியாழன். இவர் பேசாமல் நின்றார். பாண் பெட்டியில் திகதி கடந்துபோயிருந்ததை நான் காட்ட, "ஓம்" என்றார். என் மகள் அவரை உசுப்புவதற்காகவே இலங்கையின் நீளமான ஆறு களனி கங்கை என்று சொல்லிப் பார்த்தாள். நீளமானது மகாவலி, அது அந்தாளின் ஊர்ப்பக்கம்தான் கடலில் விழுகிறது. "இருக்கும்" என்றார். இத்தனை வருடமாக எப்போது இவர் வாய் மூடுவார் என்று நேர்த்தி வைக்காத குறையாக இருந்த கட்டிடம், இப்போது அவருக்கு என்ன வருத்தம் என்று என்னிடம் வந்து கேட்டது. சனங்களைத் திருப்திப்படுத்தவே முடியாது.

வேலைக்காரர்களுக்குத் தெரிந்தவர்கள் நூதனசாலையைக் காசில்லாமல் பார்க்கலாம். எனக்கு அந்தப் புத்தரைப் பார்க்கவேண்டும் போல் இருந்தது. காட்சி முடிய ஒரு கிழமை இருக்கும்போது மகளோடு போனேன். அவள் கோட்டுகளைக் கொடுக்கிற இடத்தில் யாரோ சினேகிதியைக் கண்டு நின்றுவிட்டாள். நான் அம்புக்குறியைப் பார்த்து நடந்து, நிலவைக் கடிக்கிறவளையும் எலும்புக்கூட்டையும் கடந்து, கடைசி அறைக்கு வந்தேன்.

படம் சின்னது. நான் ஆள் உயரம் என்று நினைத்திருந்தேன். ஒரு கலண்டர் அளவுதான். கறுப்புக்குள் இருந்து ஒரு முகம் மெல்ல மெல்லத் தெரிந்தது. பொய் சொல்லக்கூடாது, நல்ல முகம். எங்கள் சந்தியில் இருந்த புத்தருக்கு இப்படி ஒரு முகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு முன்னால் நின்றவர்களைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

இவர் மூலையில் நின்றார். என்னைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அறை வாசலில் மேற்பார்வைக்காரி, நல்ல உயரமான பொம்பிளை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் மேல் ஒரு கண் வைத்திருக்கிறாள் என்று பார்த்தாலே விளங்கியது.

வாங்கில் ஒரு வயதான புருசனும் பெண்சாதியும். புருசன் எழும்பிப் போய் அட்டையைச் சத்தமாக வாசித்தான். வாசித்துவிட்டு மூலையில் நெளிந்து கிடந்ததைப் பெண்சாதிக்குக் காட்டினான். அவள் நெஞ்சில் கை வைத்து ஒரு மூச்சு விட்டாள்.

நான் அவரைப் பார்த்தேன். வாய் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிற பிள்ளையைப் போல் நின்றார். காம்பிலும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று ஒரு நினைப்பு எனக்கு வந்திருக்கக்கூடாது. வந்துவிட்டது.

கதைக்கக்கூடாது என்று கையெழுத்து வைத்தது அவர். நான் ஒன்றிலும் கையெழுத்து வைக்கவில்லை.

இத்தனை வருடத்தில் ஒரு வெள்ளைக்காரரோடு நானாகப் போய்க் கதைத்தது கிடையாது. மூலைக்கடை டெப்பனரில் பால் வாங்கினால்கூட, நன்றிக்குச் சொல்லும் மெர்சியை வெளியே வந்து கதவுக்குத்தான் சொல்வேன். அன்றைக்கு அந்தப் பெண்சாதிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "மதாம்" என்றேன். படத்தைக் காட்டினேன். "நோ. புத்தா, நோ." அவள் அன்பாகச் சிரித்தாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முடியப் போகிறது என்று விளங்கியதால் என் தோளைக் கையால் தட்டிக் காட்டினேன். "இசி. புத்தா, இசி." இங்கேதான் மூடவேண்டும் என்று.

பதினாறு வயதில் இருந்து இடத்தோளில் சேலைத் தலைப்புப் போட்டவள் நான். கண் கட்டிவிட்டாலும் கை அங்கேதான் போகும். ஆனால் அன்றைக்குப் படத்துக்கு நேரெதிரே நின்று, படத்தைப் பார்த்தபடியே தட்டியதில், என் கை போய் விழுந்தது வலத்தோளில். அந்தப் படத்தில் எந்தத் தோள் மூடிக் கிடக்கிறதோ அதே தோள். அதாவது, படம் மெத்தச் சரி என்று நான் அவளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அவளும் தன் வலத்தோளைத் தட்டி, "இசி, இசி" என்றாள். புருசனும் தட்டினான். எல்லோருக்கும் சந்தோசம்.

மூலையில் ஒரு சத்தம் கேட்டது. தும்மல் மாதிரி, ஆனால் தும்மல் இல்லை.

"அக்கா, அது வலத்தோள். மாறித் தட்டுறியள்."

எனக்குக் கை மேலே போனபடியே நின்றுவிட்டது. மேற்பார்வைக்காரி சப்பாத்துச் சத்தம் கேட்க வந்தாள். நேரே அவரிடம் போய் ஆங்கிலத்தில் கேட்டாள். அவ்வளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கும். அந்த அம்மாவுக்கு நீ என்ன சொன்னாய்?

அவர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் அவருடைய மனைவி, பதினான்கு வயதும் இரண்டு மாதமும் கடந்த பிள்ளை, கடிதம் எல்லாம் அந்த அறைக்குள் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. இவர் உண்மையைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வேறு எதுவும் சொல்லத் தெரியாத மனிதர்.

"கழிவறை எங்கே என்று கேட்டார். வழி சொன்னேன்" என்றார்.

அவர் வாயில் இருந்து ஒரு பிழையான சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல்தடவை. சொல்லிவிட்டு நின்றார். திருத்தவில்லை.

மேற்பார்வைக்காரி என்னைப் பார்த்தாள். எழுபது வயதுக் கிழவி, கையைத் தோளில் வைத்துக்கொண்டு முகம் வெளிறிப்போய் நிற்கிறாள். அவசரம்தான் என்று அவளுக்கும் பட்டிருக்கவேண்டும். முகம் மாறிவிட்டது. என் முழங்கையைப் பிடித்து, "வாருங்கள், வாருங்கள்" என்று மூன்று அறை கடந்து, ஒரு நீளமான நடைபாதை வழியாக, வழியில் நின்றவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு கூட்டிப்போனாள். பிஷப்பைக்கூட இவ்வளவு மரியாதையாக யாரும் கூட்டிப்போய் நான் கண்டதில்லை. கதவையும் அவளே திறந்து பிடித்தாள்.

எனக்குத் தேவை இல்லை. அதைச் சொல்ல மொழியும் இல்லை. சொன்னால் அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடும். உள்ளே போய்க் கொளுக்கியைப் போட்டுக்கொண்டேன்.

வேலைக் கடிதம் அடுத்த கிழமை கிடைத்தது என்பதும், மனைவியும் பிள்ளையும் பங்குனிப் பனிக்குள் மெல்லிய சட்டையோடு வந்து இறங்கினார்கள் என்பதும் பிறகு நடந்தவை. அந்த நேரம் எனக்கு அதெல்லாம் தெரியாது. கதவுக்கு வெளியே அவளுடைய சப்பாத்து அசையாமல் நிற்பது கீழ் இடைவெளியால் தெரிந்தது. அவ்வளவுதான் தெரியும். ஒரு மனிதர் வாழ்க்கையில் சொன்ன ஒரே ஒரு பிழையைச் சரியாக்கிக் கொடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது.

மூடியை இறக்கி அதன் மேல் இருந்து, அருள் நிறைந்த மரியே பத்துத் தரம் சொன்னேன். பிறகு எழும்பித் தண்ணீரை இழுத்துவிட்டேன். சத்தம் போதாது போல் இருந்தது. இன்னொரு தரமும் இழுத்துவிட்டேன்.